தொடங்காத தொழிலுக்குக் கடன்

மேலப்பாளையம்
12.1.2025

ரசீத் காக்காவுக்கு,

ஸலாம் இல்லாமல் கடிதம் எழுதினால் உம்மா ஏசுவார்கள், அதனால் அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

நீங்கள் லீவு முடிந்து ஷார்ஜாவுக்குப் போய் இருபது நாளாகிறது. பதினேழு தடவை போன் அடித்துவிட்டீர்கள். நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் அதைவிடச் சத்தம் போடுவேன், உம்மா நடுவில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவுவார்கள். எதிர்வீட்டு அசன் முகம்மது அண்ணன் வியாழக்கிழமை அங்கே திரும்புகிறார். அவர் பெட்டியில் இந்தக் கடிதமும் உம்மா இடித்த மசாலாப் பொடியும் வருகின்றன. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நீங்களும் எழுதுங்கள்.

நீங்கள் கிழித்துப் போட்டது வெறும் காகிதம் இல்லை. தையல் கூடம் தொடங்க எவ்வளவு செலவாகும், எத்தனை பேருக்கு வேலை, மாதம் என்ன மிஞ்சும் என்று நான் மூன்று மாதம் அலைந்து கணக்குப் போட்ட திட்ட அறிக்கை. அதைச் சோற்றுத் தட்டு முன்னால் வைத்துக் கிழித்தீர்கள். "வட்டிக் காசுல தைச்ச துணி இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது"ன்னு சொன்னீர்கள். என் மகள் முஃபீதா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு எல்லாம் புரியும்.

அறிக்கையை மறுபடியும் டைப் அடித்துவிட்டேன். விண்ணப்பமும் போட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். பதினான்கு வருஷம் பீடி சுற்றினேன். என் பெயரில் இல்லை. உம்மாவின் பீடிக் கம்பெனிப் பாஸ்புத்தகத்தில் இலை வாங்கி, உம்மா பெயரில் கட்டுக் கொடுத்தேன். நம் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான். சேமநிதிப் பணம் உம்மா பெயரில் வந்தது, உங்கள் விசாவுக்குப் போனது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் போனதால்தான் வீடு நிமிர்ந்தது. ஆனால் இர்ஷாத் என்னைத் தலாக் சொல்லிவிட்டுப் போன அன்று, எங்கேயாவது என் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ரேஷன் கார்டில் இருந்தது. அவ்வளவுதான்.

பள்ளிச் சீருடை தைக்கப் போகிறேன். ஆறு பெண்கள், ஆறு மெஷின். கடன் என் பெயரில். இது நடக்கும்.

ஃபர்ஹத்


ஷார்ஜா
2.2.2025

அன்புத் தங்கை ஃபர்ஹத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. கோடவுனில் பெட்டி எண்ணி எண்ணி, கையில் எண்கள்தான் ஓடுகின்றன. இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். கிழிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது என்று நீ சொல்வாய்.

பிள்ளை முன்னால் அப்படிச் செய்தது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்னது தப்பில்லை.

வாப்பா பலசரக்குக் கடைக்காகக் கடன் வாங்கியபோது உனக்கு ஒன்பது வயது. எனக்குப் பதினேழு. மாசத்துக்குப் பத்து வட்டி. முதல் ஆறு மாசம் கடை நன்றாக ஓடியது, புதுத் தராசுகூட வாங்கினோம். பிறகு வட்டிக்காரன் ஆள் வந்து அந்தத் தராசை எடுத்துக்கொண்டு போனான். வாப்பா அவன் பின்னால் போய், "லே தம்பி, படிக்கல்லை மட்டும் வச்சிட்டுப் போலே, நாளைக்கு ஆவும்"னு கேட்டார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வாப்பா எட்டு மாசம்தான் இருந்தார். எதற்காகச் செத்தார் என்று டாக்டர் எழுதிய காரணம் வேறு. எனக்குத் தெரிந்த காரணம் இது.

வட்டி வாங்குகிறவன், கொடுக்கிறவன், அதை எழுதுகிறவன், அதற்குச் சாட்சி நிற்கிறவன் எல்லோரும் பாவத்தில் சமம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஐந்து வேளையும் தொழுகிறவன் என்று பெருமை பேச வரவில்லை. இரண்டு வேளை விட்டுப்போகிறது. ஆனால் இந்த ஒன்றில் எனக்குப் பயம் உண்டு. உனக்காகப் பயப்படுகிறேன்.

இரண்டு வருஷம் பொறு. நான் சேர்த்துத் தருகிறேன்.

இது என்ன கடன், என்னென்ன கேட்கிறார்கள், எப்போது கொடுப்பார்கள் என்று விவரமாக எழுது. என் அறையில் இருக்கும் உசாமா இதெல்லாம் படித்தவன். அவனிடம் காட்டிக் கேட்கிறேன்.

ரசீத்


மேலப்பாளையம்
22.2.2025

ரசீத் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் தராசு விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. படித்துவிட்டு அழுதேன். உம்மாவிடம் கேட்டேன், "அதை இப்பம் எதுக்குக் கிளறுதே"ன்னு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆனாலும் காக்கா, பத்து வட்டிக்காரனும் வங்கியும் ஒன்றில்லை. வாப்பா ஒரு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டார், வீட்டில் யாரிடமும் சொல்லாமல். அதை மட்டும் உம்மா முன்பே சொல்லியிருக்கிறார்கள். அதுதான் அவரைத் தனியாக விட்டது. நான் ஊரறியச் செய்கிறேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்மார் இரண்டு பேரிடமும் கேட்டேன். ஒருவர் கூடாது என்றார். இன்னொருவர், வேறு வழியில்லாத நிர்ப்பந்தமா இல்லையா என்பது உனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும் என்றார். நான் இரண்டாமவர் சொன்னதை எடுத்துக்கொண்டேன். மறுமையில் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் விவரம் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. எழுதுகிறேன், உசாமாவிடம் காட்டுங்கள்.

இது புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசு மானியத்தோடு வரும் கடன். விண்ணப்பம் கம்ப்யூட்டரில்தான். ஆதார், படிப்புச் சான்று, திட்ட அறிக்கை, மாரிராஜ் மெஷின் கடையில் வாங்கிய விலைப்புள்ளி எல்லாம் ஏற்ற வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் நேர்காணல் வைத்தார்கள். என் முன்னால் போன ஒரு பையன் என்ன தொழில் என்று கேட்டதற்கே திணறினான். நானோ ஒரு சட்டைக்கு எத்தனை மீட்டர் துணி, எவ்வளவு நூல், தைக்க எத்தனை நிமிஷம் என்று கடகடவென்று சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டை நைட்டிக் கம்பெனியில் இரண்டு வருஷம் சும்மாவா உட்கார்ந்திருந்தேன். "இவ்வளவு தெரிஞ்சவுக ஏம்மா இத்தன நாளா வரல"ன்னு ஒருவர் கேட்டார்.

அங்கே பரிந்துரை செய்து வங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். மொத்தச் செலவில் இருபதில் ஒரு பங்கை நான் கையிலிருந்து போட வேண்டும், என் கம்மலை விற்று அதை வைத்திருக்கிறேன். இனி பயிற்சி வகுப்பு இருக்கிறது. வங்கி மேலாளர் சாலோமி மேடம் மார்ச் கடைசியில் இடத்தைப் பார்க்க வீட்டுக்கு வருவார்கள். பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

மேடம் ஒன்றை மூன்று தடவை சொன்னார்கள். தொடங்காத தொழிலுக்குத்தான் இந்தக் கடன். ஏற்கெனவே மெஷின் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்குக் கிடையாது. அதனால் கடன் கைக்கு வரும்வரை ஒரு ஊசிகூட வாங்கக் கூடாதாம். பாக்கியவதி, அதுதான் பக்கத்துத் தெருவில் என்னோடு பீடி சுற்றியவள், தன் பழைய மெஷினைக் கொண்டுவந்து போடட்டுமா என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு அவள் வீட்டில் உட்கார்ந்துதான் மாதிரிச் சட்டை தைக்கிறேன்.

இரண்டு பள்ளிக்கூடங்களில் பேசியாயிற்று. பெரியதில் நானூறு செட். ஜூனில் பள்ளி திறக்குமுன் கொடுக்க வேண்டும். துணி மொத்தமாக எடுக்கக் கடன் பணம் ஏப்ரலுக்குள் வந்தால் சரியாக இருக்கும். துஆச் செய்யுங்கள். இந்தக் கடனுக்காகச் செய்ய மனம் வராவிட்டால் எனக்காகச் செய்யுங்கள்.

ஃபர்ஹத்


ஷார்ஜா
14.3.2025

அன்புத் தங்கைக்கு,

நோன்பு நல்லபடியாகப் போகிறது. இங்கே கஞ்சி கிடைக்கிறது, நம் பள்ளிவாசல் கஞ்சி மாதிரி இல்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ கெட்டிக்காரி. வாப்பா இருந்தால் உன்னைத்தான் கடையில் உட்கார வைத்திருப்பார்.

பெருநாளைக்கு உனக்கு ஒன்று அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். துணிமணி இல்லை. வரும்போது தெரியும். மறுக்காமல் வாங்கிக்கொள். நான் அண்ணனாக உனக்கு எதுவும் செய்யவில்லை என்பது என் மனதிலும் இருக்கிறது.

ரசீத்


மேலப்பாளையம்
3.4.2025

ரசீத் காக்காவுக்கு,

பெருநாள் முடிந்து மூன்று நாளாகிறது. இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை.

மார்ச் இருபதாம் தேதி நான் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். மாரிராஜ் கடை வண்டி வந்து ஆறு தையல் மெஷினை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. உம்மா கைரேகை வைத்து வாங்கியிருக்கிறார்கள். நான் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏட்டி, ஒங்க காக்கா என்ன செஞ்சிருக்கான்னு பாரு"ன்னு உம்மா முகமெல்லாம் சிரிப்பு. நானும் முதலில் அழுதேன், சந்தோஷத்தில். மெஷின் கவரைக்கூடப் பிரிக்காமல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் பில்லைப் பார்த்தேன். என் பெயர். தேதி பத்தொன்பது, மூன்று, இரண்டாயிரத்து இருபத்தைந்து. பணம் முழுவதும் செலுத்தப்பட்டது.

மறுநாளே மாரிராஜ் கடைக்கு ஓடினேன். நீங்கள் போனில் விலை பேசிப் பணம் அனுப்பியதாகவும், பில்லைத் தங்கை பெயரில்தான் போட வேண்டும் என்று சொன்னதாகவும் சொன்னான். "அக்கா, விலைப்புள்ளியும் நம்மகிட்டதான வாங்குனீய, லோனு வந்துட்டு போலன்னுல்லா நினைச்சேன்"ன்னான். திருப்பி எடுக்கச் சொன்னேன். பில் உங்கள் சம்மதம் இல்லாமல் ரத்தாகாதாம். நீங்களோ நோன்பு கடைசிப் பத்து, கைப்பேசியை அணைத்துவைத்திருக்கிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டீர்கள்.

இருபத்தேழாம் தேதி சாலோமி மேடம் வந்தார்கள். பின்கட்டைத் திறந்தேன். ஆறு மெஷின் வரிசையாக நிற்கிறது. "ஃபர்ஹத், இது என்ன?" என்று கேட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன், பில்லையும் காட்டினேன். பில்லில் பெயரையும் தேதியையும் விரல் வைத்துப் படித்தார்கள். "பில்லு ஒங்க பேர்ல இருக்கு. நீங்க தொழில ஆரம்பிச்சாச்சுன்னுதான் நான் எழுத முடியும். மானியம் போச்சு, மானியம் இல்லாம இந்தக் கடனே இல்ல"ன்னாங்க. போகும்போது என் தோளில் கை வைத்தார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மெஷின் இருக்கிறதே, தைக்க வேண்டியதுதானே என்று உம்மா சொல்கிறார்கள். எதை வைத்துத் தைக்க? நானூறு செட்டுக்குத் துணி யார் கொடுப்பார்கள்? கடனில் பாதிக்கு மேல் துணிக்குத்தான் போட்டிருந்தேன்.

பாக்கியவதியிடமும் மற்றவர்களிடமும் இன்னும் சொல்லவில்லை. அவள் பீடிக் கம்பெனி ஏஜெண்டிடம் இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நான் எழுதிய கடிதத்தை நீங்கள் முழுதாகப் படித்தீர்களா?

ஃபர்ஹத்


ஷார்ஜா
9.4.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அந்த விதி என் கண்ணில் படவில்லை. நீ நாலு பக்கம் எழுதியிருந்தாய். மெஷின் வாங்க வேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றது. கம்பெனி முன்பணம் வாங்கித்தான் அனுப்பினேன், வட்டி இல்லாத முன்பணம், சம்பளத்தில் பிடிப்பார்கள். நல்லதை நினைத்துச் செய்தேன்.

நடந்தது நடந்துவிட்டது. ஒரு யோசனை சொல்கிறேன். மாரிராஜிடம் நான் பேசுகிறேன், பில்லில் தேதியை மே மாதத்துக்கு மாற்றித் தரச் சொல்லலாம். மெஷின்களைப் பாக்கியவதி வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவை. மேலாளரிடம், அது சும்மா பார்வைக்காகக் கடைக்காரன் இறக்கியது, திருப்பி அனுப்பிவிட்டோம் என்று சொல். யார் தேடி வந்து பார்க்கப் போகிறார்கள்?

அல்லது கடனே வேண்டாம் என்று விட்டுவிடு. மெஷின் இருக்கிறது. சின்னதாகத் தொடங்கு, அக்கம்பக்கத்து ஜாக்கெட் தைத்தாலும் போதும். அல்லாஹ் ஒரு கதவை அடைத்தால் காரணம் இருக்கும்.

ரசீத்


மேலப்பாளையம்
18.4.2025

ரசீத் காக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அண்ணன் எழுதியதுதானா என்று கையெழுத்தைப் பார்த்தேன்.

வட்டி ஹராம் என்று என் அறிக்கையைக் கிழித்தவர் நீங்கள். இப்போது பில்லில் தேதியை மாற்று, மெஷினை ஒளித்துவை, மேலாளரிடம் பொய் சொல் என்கிறீர்கள். பொய்க்கு எந்த ஹஜ்ரத்திடம் அனுமதி வாங்கினீர்கள்? மாரிராஜும் அதையேதான் சொன்னான். "தேதியத்தான மாத்தணும், அத நான் பாத்துக்கிடுதேன் அக்கா"ன்னு. வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவன் வியாபாரி, சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. கதவை அடைத்தது அல்லாஹ் என்று எழுதியிருக்கிறீர்கள். மாரிராஜ் கடை வண்டியை அல்லாஹ்வா அனுப்பினான்?

நானும் நல்லவள் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன், ஒளித்துவைத்தால் என்ன என்று. கடனே ஒரு பொய்யில் தொடங்கினால், மாதாமாதம் தவணை கட்டும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். என் பெயரில் வருகிற முதல் காகிதம் அது. கள்ளக் காகிதமாக இருக்க வேண்டாம்.

பாக்கியவதியிடம் சொல்லிவிட்டேன். அவள் ஏசவில்லை. "சரி, பைய பாப்போம்"னு சொல்லிவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் அவள் மடியில் பீடித் தட்டு இருந்தது. ஏஜெண்ட் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள, முதல் வாரக் கூலியைக் குறைத்துவிட்டானாம்.

நேற்று மறுபடியும் வங்கிக்குப் போனேன். சாலோமி மேடம் யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார்கள். மெஷின் வாங்கியவர் நீங்கள். பணம் போனது உங்கள் கணக்கிலிருந்து. அதனால், இவை என்னுடையவை, என் தங்கைக்குத் தெரியாமல் வாங்கினேன், அவள் தொழில் தொடங்கவில்லை என்று நீங்கள் உங்கள் கையால் எழுதி, கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகலோடு அனுப்ப வேண்டும். மாரிராஜ் பில்லை உங்கள் பெயருக்கு மாற்றி, மெஷின்களை என் வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். அப்படியானால் என் கோப்பை மேலே மறுபடி அனுப்புவார்கள். கிடைக்கும் என்று சத்தியம் செய்யவில்லை, அனுப்புவேன் என்றார்கள். மே பத்துக்குள் தாள் வேண்டும்.

உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். எழுதுகிறவனும் சாட்சி நிற்கிறவனும் பாவத்தில் சமம் என்று நீங்களே எழுதினீர்கள். வட்டிக் கடன் எனக்குக் கிடைப்பதற்காக நீங்கள் எழுதி, சாட்சி நிற்க வேண்டும். உங்களால் முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். நான் தொந்தரவு செய்ய மாட்டேன். ஆனால் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். பதில் இல்லாமல் காத்திருக்க என்னால் முடியாது.

ஃபர்ஹத்


ஷார்ஜா
1.5.2025

ஃபர்ஹத்,

உசாமா நாளை விமானம் ஏறுகிறான். பாஸ்போர்ட் நகலும் தாளும் இந்த உறைக்குள் இருக்கின்றன. அவன் நேராக உன் கையில் கொடுப்பான். தாளின் வாசகத்தை இங்கேயும் எழுதுகிறேன், நீ வங்கியில் வைத்து முதல் முறையாகப் படிக்கக் கூடாது என்பதற்காக.

"கிளை மேலாளர் அவர்களுக்கு. மேலப்பாளையம் மர்ஹூம் செய்யது மசூது மகன் ரசீத் எழுதித் தருவது. 19.3.2025 தேதியிட்ட பில்லில் கண்ட ஆறு தையல் இயந்திரங்களும் என் பணத்தில் நான் வாங்கியவை. என் தங்கை ஃபர்ஹத்தைக் கேட்காமல் வாங்கினேன். அவள் அவற்றை இயக்கவில்லை, தொழில் தொடங்கவில்லை. தொடங்கிய தொழிலுக்கு இந்தக் கடன் கிடையாது என்று அவள் எனக்கு முன்பே எழுதியிருந்தாள். அதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே வாங்கினேன். அவளுக்கு இந்தக் கடன் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே பில்லை அவள் பெயரில் போடச் சொன்னேன். அவள்மீது குற்றம் இல்லை."

கண்ணில் படவில்லை என்று எழுதினேனே, அது பொய். அந்த வரியை நாலு தடவை படித்தேன். உசாமாவிடமும் காட்டினேன். "அப்ப மெஷின் இருந்தா லோன் வராதுல்லா"ன்னு அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அதிலேயே புத்தி நின்றுவிட்டது. உன்னைப் பாவத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நீ சந்தோஷப்படுவாய், மெஷினும் கிடைத்துவிடும், கடனும் தானாக நின்றுவிடும், என்மேல் பழியும் வராது. அவ்வளவு கணக்காகப் போட்டேன்.

உண்மையைச் சொன்னால் பாவத்துக்குப் பயந்து மட்டும் செய்யவில்லை. நீ என்னைக் கேட்காமலே எழுந்து நின்றுவிடுவாயோ என்றும் இருந்தது. மாதாமாதம் நான் அனுப்புவதை வைத்துத்தான் அந்த வீட்டில் எனக்கு ஒரு சொல் இருக்கிறது.

தாள் எழுதியது பாவமா இல்லையா என்று தெரியவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எழுதாமல் போய்விடுவேன்.

ரசீத்


மேலப்பாளையம்
31.5.2025

ரசீத் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உசாமா கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் நின்றபடியே படித்தேன். அவருக்கு ஒரு தேநீர் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை, பாவம், வெயிலில் திரும்பிப் போனார்.

ஒரு நாள் முழுக்க உங்களை மனதார ஏசினேன். மெஷின் வந்த அன்று உங்களை நினைத்து அழுதேனே, அந்த அழுகையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத் தோன்றியது. உம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. காக்கா வங்கிக்கு ஒரு தாள் அனுப்பி உதவி செய்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். உம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

சாலோமி மேடம் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்கள். "இவரு ஒங்க கூடப் பொறந்தவரா?"ன்னு கேட்டாங்க. ஆமா என்றேன். "பின்னால எழுதியிருக்கறதெல்லாம் எங்களுக்குத் தேவையில்ல. முதல் பாதி இருந்தாலே போதும். வேற தாள்ல எழுதி வாங்கிட்டு வாறீங்களா? பேங்க் கோப்புல இது இருந்தா அவருக்குத்தான் அசிங்கம்"னாங்க.

யோசித்தேன். இப்படியே இருக்கட்டும் மேடம் என்று சொல்லிவிட்டேன். எழுதியவருக்குத் தெரியாமலா எழுதியிருப்பார்.

மெஷின்களை மாரிராஜ் எடுத்துக்கொண்டான். விலை குறைத்துத்தான் எடுத்தான், பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னான். நஷ்டம் உங்களுடையது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

கடன் நேற்று ஒப்புதலாகிவிட்டது. மானியமும் உண்டு. ஆனால் பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டது. அவர்கள் காத்திருக்கவில்லை, வள்ளியூர் ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். சின்னப் பள்ளிக்கூடத்தின் நூற்றிருபது செட் மட்டும் மிச்சம். பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தால் போதும் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆறு பெண்களில் மூன்று பேர்தான் வருகிறார்கள். பாக்கியவதி வரவில்லை. "முதல் தவணை கட்டுன பொறவு சொல்லு, வாறேன்"னாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தவணையை நினைத்தால் எனக்கும் பயமாக இருக்கிறது. வாப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

தாளில் அந்தக் கடைசி வரிகளை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நான் கடைசிவரை உங்களை நல்ல மனதோடு தப்புச் செய்தவர் என்றே நினைத்திருப்பேன். அப்படி நினைக்கவிடாமல் எழுதினீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

போன் செய்யாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் அழுவேன், அழுதால் மன்னித்துவிடுவேன், இப்போது மன்னிக்க எனக்கு இஷ்டமில்லை. எழுதுங்கள்.

ஃபர்ஹத்